பெயருக்கு ஒரு சுவர்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். என் போன் டாக்டரிடம் இருக்கிறது. "நீங்களே நோண்டிப் பாத்துக்கோங்க" என்று நானாகத்தான் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். மாமாவின் போனில் உன்னிடம் பேசலாம்தான். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் எதையும் ஒழுங்காகச் சொல்ல வராது. தவிர, காற்றில் போகிற எதையும் நான் இப்போது நம்புவதாக இல்லை.

என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பதினோரு வருஷம் அந்தக் காது பரிசோதனை மையத்தின் முன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களிடம் கத்திக் கத்தியே என் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று கேலி செய்வாயே, அதே மேஜை. போன வியாழக்கிழமை டாக்டர் கூப்பிட்டு, "விசாரணை முடியற வரைக்கும் லீவுல இரும்மா" என்றார். இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை விசாரணை. டாக்டரும் இரண்டு பங்குதாரர்களும் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். என் சிட்டுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. எங்கள் மையத்தில்தான் பரிசோதனை செய்துகொண்டார். வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது. யாருக்கும் தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். மே 24, சனிக்கிழமை மாலை, அந்த ரிப்போர்ட்டின் படம் அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. 'காதே கேட்காதவரிடமா நம் பிள்ளைகள் சுருதி கற்கிறார்கள்' என்று கீழே ஒரு வரி. போட்டவரைக் கேட்டால், தனக்கும் யாரோ அனுப்பியது என்கிறார். இருபத்து மூன்று பிள்ளைகள் படித்தார்கள். இப்போது ஆறு பேர்.

எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? ஆண்டு விழாவில் தனிப்பாட்டை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார் என்று ஏப்ரலில்தான் சிட்டுவை அந்த வகுப்பிலிருந்து நிறுத்தினேன். அவர் வீட்டு வாசலில் நின்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. பழி வாங்கிவிட்டாள் என்று யாரும் சொல்லத்தானே செய்வார்கள்.

நான் அனுப்பவில்லை. ஆனால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். மையத்து வைஃபைக்கு நீ போட்டுக் கொடுத்த நீளமான பாஸ்வேர்டை நினைவில் வைக்க முடியாமல், தாளில் எழுதி மேஜையின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். யாரோ அதைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். நீ எவ்வளவு சொல்லிவிட்டுப் போனாய். "என் தம்பி போட்ட பூட்டுல குறையில்ல டாக்டர், சாவியைத் தொலைச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். உன் பெயரையும் கெடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். விசாரணையில் என்ன சொல்வது என்று எழுது.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அறையில் எட்டுப் பேர். கடிதம் வந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் எல்லோருக்கும் சந்தேகம், பெண் வீட்டிலிருந்தா என்று. எங்கள் அக்கா வீட்டிலிருந்து என்றதும் கலைந்து போனார்கள்.

முதலில் அழுவதை நிறுத்து. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி ஒட்டாத ஆபீஸை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு முதலாளி மீன்தொட்டியின் மேல் ஒட்டியிருந்தார். கேட்டால், மீனுக்குப் படிக்கத் தெரியாது என்றார். நீ செய்தது ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

உங்கள் மையத்தில் நான் எதிலும் குறை வைக்கவில்லை. பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து. வைஃபை பெட்டியின் உள்ளே போய் மாற்றங்கள் செய்யும் பாஸ்வேர்டைக் கம்பெனி கொடுத்தபடியே விடாமல் மாற்றினேன். பட்டனை அமுக்கினால் யாரும் சேர்ந்துகொள்ளும் வசதியை அணைத்தேன். காற்றில் போவதை யாரும் படிக்க முடியாதபடி, இப்போது இருப்பதிலேயே உறுதியான முறையைப் போட்டேன். வெளியிலிருந்து பெட்டியைத் தொடும் வழியை அடைத்தேன். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைப் புதிதாக்கினேன். இவ்வளவும் அன்றைக்கே முடித்தது.

விசாரணையில் அதிகம் பேசாதே. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். வேறு ஆளை வைத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன் என்று டாக்டர் சொன்னால், வேண்டாம் என்று சொல். கண்டவன் கை வைத்தால் எல்லாம் கலைந்துவிடும். இங்கே கிடங்குக்கு வைஃபை போடும் வேலை முடிந்ததும் நானே வந்து பார்க்கிறேன். கூரை நாற்பது அடி உயரம், நாள் முழுக்க ஏணிமேல்தான் இருக்கிறேன்.

சிட்டு சாப்பிடுகிறாளா? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மீன்தொட்டி இடத்தில் சிரித்தும் விட்டேன். பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

நீ சொன்னபடியே செய்தேன். டாக்டர் ஒரு கம்ப்யூட்டர் ஆளை அழைத்து வர இருந்தார். வேண்டாம், என் தம்பி வருகிறவரை யாரும் தொடக் கூடாது என்று மாமாவை அனுப்பிச் சொல்ல வைத்தேன். டாக்டர் மாமாவை ஒரு மாதிரி பார்த்தாராம். "எதுக்கு அவங்க பயப்படறாங்க?" என்று கேட்டாராம். மாமா அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு யோசிப்பதுதானே வேலை. அந்தத் தாளை நான் எப்போது ஒட்டினேன் என்று யோசித்தேன். தற்காலிகமாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள், அவள் கேட்டபோது எனக்கே நினைவு வராமல் அன்றைக்குத்தான் எழுதி ஒட்டினேன். அவள் வந்தது மே 26, திங்கட்கிழமை. படம் வெளியே வந்தது அதற்கு முந்தைய சனிக்கிழமை. அப்படியானால் அந்தத் தாளைப் பார்த்து யாரும் உள்ளே வரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. தாள் காரணம் இல்லை என்றால், நான் வேண்டுமென்றே அனுப்பினேன் என்பதுதானே மிச்சம்.

அந்தப் படத்தைச் சிட்டுவின் தோழி வீட்டில் மறுபடி பார்த்தேன். லேப்டாப் திரையைப் போனில் பிடித்த படம். ஓரத்தில் பச்சை நாற்காலியின் கைப்பிடி தெரிகிறது. காத்திருக்கும் இடத்து நாற்காலி. யாரோ அங்கே உட்கார்ந்து, தன் லேப்டாப்பில் ரிப்போர்ட்டைத் திறந்திருக்கிறார்கள். அங்கே உட்காருபவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வருகிறவர்களுக்கென்று பலகையில் நீயே எழுதிவைத்த கெஸ்ட் பாஸ்வேர்டுதான். "கெஸ்ட் வேற, நம்மளுது வேற. நடுவுல சுவர் இருக்குக்கா" என்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சுவரை ஏறிக் குதிக்க வழி இருக்கிறதா? இருந்தால் எழுது. விசாரணையில் அதையாவது சொல்கிறேன்.

நேற்று டீச்சரைக் கடையில் பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் அவர் பார்த்துவிட்டார். கடைக்காரர் மீதி எவ்வளவு என்று சொல்ல, புரியாமல் இரண்டு தடவை கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில்: இதில் ஊறிய பெரிய கில்லாடியாக இருந்தால் எந்தச் சுவரையும் தாண்டுவான். அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. உன்னாலோ டாக்டராலோ தடுத்திருக்க முடியாது. விசாரணையில் அப்படியே சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 20

அக்கா,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. அதை நம்பாதே. கில்லாடி எவனும் வரவில்லை. சுவர் இல்லை. நான் கட்டவே இல்லை.

நான் வேலை செய்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். டாக்டர் அறையில் ஏற்கனவே ஒரு பெட்டி இருந்தது, இன்டர்நெட் லைனோடு வந்தது. முன்பக்கத்துக்கு நான் புதிதாக ஒன்று வைத்தேன். அதை முறைப்படி ரூட்டராக அமைத்ததும் முன்பக்கம் தனி வலையாகப் பிரிந்துவிட்டது. உன் கம்ப்யூட்டரிலிருந்து டாக்டர் அறை பிரிண்டர் கிடைக்கவில்லை. நானும் மூன்று மணி நேரம் முட்டி மோதினேன். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். "என்னம்மா, தம்பி பெரிய ஆளுன்னீங்க" என்றார். நீ விடாமல், "அவன் முடிச்சிருவான் டாக்டர்" என்றாய். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

புதிய பெட்டி ரூட்டர் வேலையை விட்டுவிட்டு, பழைய பெட்டியின் வலையைத் தூரத்துக்குப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும்படி மாற்றினேன். உடனே பிரிண்டர் தாளைத் துப்பியது. நீ கை தட்டினாய். ஆனால் அந்த மாடலை அப்படி மாற்றினால் கெஸ்ட் என்பது வெறும் பெயர். வாசல் இரண்டு, உள்ளே கூடம் ஒன்று. திரையில் அந்த எச்சரிக்கை ஒரு வரியாக வரவும் செய்தது. படித்துவிட்டுத்தான் 'சரி' என்று அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் கேட்கிறது என்று டாக்டர் சலித்துக்கொண்டதால், ரிப்போர்ட் ஃபோல்டருக்கு இருந்த பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டேன். உள்ளே இருப்பது நம் ஆட்கள்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் பலகையில் கெஸ்ட் பாஸ்வேர்டை அழகாக எழுதிவைத்து, சுவர் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வந்து சரிசெய்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் இந்தக் கிடங்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. வந்த இடத்தில் மறந்தும் விட்டேன். மறந்தது உண்மை. ஆனால் உன் முதல் கடிதத்தைப் பிரித்து நாலு வரி படிப்பதற்குள் எல்லாம் நினைவு வந்துவிட்டது. ஒன்பதாம் தேதி நான் எழுதியதை எடுத்துப் பார். செய்ததையெல்லாம் வரிசையாக அடுக்கியிருப்பேன். கெஸ்ட் என்ற சொல்லே அதில் இருக்காது. வேறு ஆள் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றதும் எனக்குப் பயந்துதான். என் தம்பி போட்ட பூட்டில் குறையில்லை என்று நீ எழுதிய வரியைப் படித்த பிறகும் மீன்தொட்டிக் கதை எழுதியிருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இதைச் சோதிப்பது சுலபம். பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, கெஸ்ட் வைஃபையில் ஒரு லேப்டாப்பைச் சேர்த்து, நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் ரிப்போர்ட் ஃபோல்டர் தெரியும். சின்னப் பிள்ளைகூட உள்ளே போகலாம். இதையெல்லாம் டாக்டருக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் இந்தத் தொழிலில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். கொடுப்பதா வேண்டாமா என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. பிந்தியதை முதலில் பிரித்தேன். கில்லாடிக் கடிதத்தைப் பிறகு படித்தேன். படித்துவிட்டுச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தேன்.

பிரிண்டருக்காக எனக்குக் கோபம் இல்லை. நானும்தானே பின்னால் நின்று உன்னை உசுப்பேற்றினேன். மறந்ததற்கும் கோபம் இல்லை. கடைசியில் எழுதியிருக்கிறாயே, உன்னிடமே விட்டுவிடுகிறேன் என்று, அதற்குத்தான் வயிறு எரிகிறது. நான் கொடுத்தால் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள். கொடுக்காவிட்டால் ஊரார் ரகசியத்தை விற்றவள். எந்தப் பக்கம் போனாலும் கெட்ட பெயர் எனக்கு, உனக்கு நிம்மதி. உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு இது. இன்னும் எத்தனை நாள் இறங்காமல் உட்கார்ந்திருப்பாய்?

உன் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நீயே வந்து, நீயே கொடு. வரவில்லை என்றால் உனக்கு அக்கா இல்லை.

இவ்வளவு ஏசிவிட்டு ஒன்றை மறைத்தால் நானும் உன் ஜாதிதான். அதனால் எழுதுகிறேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது. சிட்டுவை நிறுத்தினாலும் நான் அந்தப் பெற்றோர் குழுவிலிருந்து விலகவில்லை. படம் வந்த சனிக்கிழமை மாலையே என் போனில் பார்த்துவிட்டேன். டீச்சர் அந்தக் குழுவில் இல்லை, அவருக்குத் தெரியாது. எங்கள் மையத்து ரிப்போர்ட் என்று பார்த்ததும் புரிந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். கீழே அந்த வரியைப் போட்டவரை அழிக்கச் சொல்லியிருக்கலாம். டீச்சரிடமாவது ஓடியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். என் பெண்ணை அழவிட்டாயே, நன்றாக வேண்டும் உனக்கு என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே இருந்தேன். திங்கட்கிழமை அவரே வந்து என் மேஜை முன்னால் நின்று அழுதபோதுதான் எனக்கு மனுஷப் புத்தி வந்தது.

நான் அனுப்பவில்லை என்று எல்லோரிடமும் சத்தியம் செய்கிறேன். சந்தோஷப்படவில்லை என்று ஒருவரிடமும் சொல்ல முடியாது.

வந்து சேர்.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். கிடங்கு மேலாளரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வேலை முடிகிறவரை இரு, அடுத்ததற்குப் பார்க்கலாம் என்றார். அடுத்தது வராது என்று அர்த்தம். போகட்டும்.

சனிக்கிழமை நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரின் லேப்டாப்பையே வாங்கி, பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, கெஸ்ட் வைஃபை வழியாக ரிப்போர்ட் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். அது வரை நீ பார்த்தாய். படம் வெளியான சனிக்கிழமை யார் யார் வந்தார்கள் என்று டாக்டர் பதிவேட்டைப் புரட்டியபோது, காதில் அடைப்பு எடுக்க வந்திருந்த, டீச்சரிடம் பாட்டுப் படித்த ஒரு பிள்ளையின் அப்பா பெயர் அகப்பட்டதையும் பார்த்தாய். பிறகு உன்னை ஒலி புகாத அந்தப் பரிசோதனை அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். என்னை வெளியே இருந்து பெட்டியைச் சரிசெய்யச் சொன்னார் டாக்டர். வெளியே நடந்தது உனக்குக் கேட்டிருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பதினொரு மணிக்கு டீச்சர் வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க டாக்டர் வரச் சொல்லியிருந்தாராம். எனக்கு அவர் முகம் பழக்கமில்லை, தற்காலிகப் பெண் பெயரைக் கேட்டு எழுதியபோதுதான் தெரிந்தது. உள்ளே போகிறவரை சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. டாக்டர் எப்படியும் சொல்லப்போகிறார். ஆனால் உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. எழுந்து போய் அவர் முன்னால் நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"என்ன?" என்றார்.

மறுபடி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், புரியவில்லை என்று.

"தரையைப் பாத்துப் பேசாதீங்க தம்பி. எனக்குக் காது மட்டும் போதாது, வாயையும் பாத்தாத்தான் புரியும். நிமிந்து சொல்லுங்க."

நிமிர்ந்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக, வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. "உங்க ரிப்போர்ட் வெளிய போனதுக்கு எங்க அக்கா காரணமில்ல. நான்தான். தடுப்பு இருக்குன்னு பொய் சொல்லிட்டுப் போயிட்டேன்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை, எடுத்தால் அவருக்குப் புரியாது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"பொட்டியை மாட்டுன அன்னிக்கே தெரியும்."

அதையும் உதட்டிலிருந்துதான் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் எப்படி ஆனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. பிறகு, "இப்ப மூடிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப அதை முதல்ல செய்ங்க" என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பெட்டியை மறுபடி ரூட்டராக்கி, அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டரையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, கெஸ்ட்டைத் தனியாகப் பிரித்து, ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்றைக்கே இந்த முக்கால் மணி நேரம் இருந்து செய்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். முடித்ததும் அவர் தன் போனை நீட்டினார். "இதுல காட்டுங்க." கெஸ்ட்டில் சேர்த்துக் காட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை தேடச் சொல்லிப் பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "மத்த பெத்தவங்ககிட்டயும் வந்து சொல்லணும்" என்றார். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார். போகிறேன்.

உன்னைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னதாக மாமா போனில் சொன்னார். சந்தோஷம். ஆனால் நீ எனக்கு எழுதிய அந்த இன்னொரு விஷயத்தை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. உன் பெயரை நான் துடைத்துவிட்டேன், அதனால் அவர் உன்னைச் சுத்தமாக நம்பிவிட்டார். "உங்க அக்காவைத் தப்பா நினைச்சுட்டேன்" என்று கண் கலங்கினார். அதை என்ன செய்வது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். சொல்லாமலே இருந்தாலும் உன்னை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. சொல்வதென்றால் நேரில் போ. தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் அவருக்குப் புரியாது.

தம்பி